1896 குளிர்காலம்: எது முதல் மேட்ச்?

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பின்வரிசைக்குக் கேட்கிறதா? சரி, ஆரம்பிக்கிறேன்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து என்றால் நமக்குத் தெரிந்தது மார்ச் மாதம் டிவியில் வரும் அந்த 68 அணி நாக்அவுட்தான். நான் பேச வந்தது 1895–96 சீசனைப் பற்றி, கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் கூடைப்பந்து மேட்ச் எது என்ற சண்டையைப் பற்றி. அதைச் சீசன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான், ஏனென்றால் அப்போது அட்டவணையும் கிடையாது, லீக்கும் கிடையாது, கல்லூரிகள் சேர்ந்து லீக் என்று ஒன்று ஆட ஆரம்பித்ததே 1901க்குப் பிறகுதான். சாம்பியனும் கிடையாது. ரொம்பக் காலம் கழித்து சில ஆய்வாளர்கள் பழைய ஸ்கோர்களைத் தோண்டி எடுத்து, அந்த வருடத்துக்கு யேல் பல்கலைக்கழகம்தான் முதலிடம் என்று எழுதி வைத்தார்கள். அன்றைக்கு ஆடிய யேல் பையன்களுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

நான்கு வருடம் பின்னால் போவோம். 1891 டிசம்பர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளி. ஃபுட்பால் முடிந்து பேஸ்பால் தொடங்கும் வரை பனிக்காலத்தில் பையன்களை ஜிம்முக்குள் வைத்து மேய்க்க வேண்டும், உடற்பயிற்சி என்றாலே அவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். அங்கே ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் பால்கனி விளிம்பில் பீச் பழக்கூடை இரண்டை ஆணி அடித்து மாட்டினார், ஒரு கால்பந்தைக் கொடுத்தார், 13 விதிகளை எழுதி ஒட்டினார். வகுப்பில் 18 பேர், ஆகவே பக்கத்துக்கு ஒன்பது பேர். அந்த ஒன்பதுக்குப் பின்னால் வேறு தத்துவம் எதுவும் இல்லை. 1–0 என்று ஆட்டம் முடிந்தது.

இத்தனை பேர்தான் ஆட வேண்டும் என்று அந்த 13 விதிகளில் எங்கேயும் கிடையாது. அதனால் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பக்கத்துக்கு 50 பேரை இறக்கிப் பார்த்திருக்கிறார்கள்! நூறு பேர் ஒரு பந்துக்குப் பின்னால் ஓடினால் ஜிம் என்ன கதியாகும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 'முதல்' சண்டைக்கு வருகிறேன். 1895 பிப்ரவரியில் மினசோட்டாவில் ஹாம்லைன் கல்லூரியின் அறிவியல் கட்டட நிலவறையில் ஒரு மேட்ச் நடந்தது, மினசோட்டா வேளாண் பள்ளி 9–3 என்று ஜெயித்தது. இரண்டு பக்கமும் மாணவர்கள்தான், ஆனால் பக்கத்துக்கு ஒன்பது பேர். அதனால் இது கணக்கில் வராது என்கிறார்கள் ஒரு கட்சியினர். அவர்கள் காட்டுவது 1896 ஜனவரி, அயோவா சிட்டி: சிகாகோ பல்கலைக்கழகம் 15, அயோவா 12, பக்கத்துக்கு ஐந்தே பேர். இன்றைக்கு நாம் ஆடும் ஆட்டத்தின் சாயல் இங்கேதான் தெரிகிறது என்பது அவர்கள் வாதம். இன்னொரு கட்சி அதையும் ஒத்துக்கொள்ளாது. அயோவா பக்கம் ஆடியவர்கள் மாணவர்கள்தான், ஆனால் அணியைத் திரட்டியது ஒய்.எம்.சி.ஏ., பல்கலைக்கழகம் இல்லையே என்பார்கள். அவர்களுக்கு 1897 மார்ச்சில் யேல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 32–10 என்று அடித்த ஆட்டம்தான் முதல்.

எனக்கு இந்தச் சண்டையே வேண்டாம் என்று தோன்றுகிறது. ஆட்டங்களை ஏற்பாடு செய்தது யார் என்று பாருங்கள். ஹாம்லைனுக்கு ஆட்டத்தைக் கொண்டுபோனவர் ரே கேய்ன், நெய்ஸ்மித்தின் அந்த 18 பேரில் ஒருவர். சிகாகோ கோச் அமோஸ் அலான்சோ ஸ்டாக், இவரும் ஸ்பிரிங்ஃபீல்டு ஆள்தான். 1892 மார்ச்சில் அங்கே முதன்முதலாகப் பார்வையாளர்களை வைத்து ஆசிரியர்களும் மாணவர்களும் மோதியபோது மாணவர்கள் 5–1 என்று ஜெயித்தார்கள், ஆசிரியர்களின் அந்த ஒற்றை கோலைப் போட்டவர் இதே ஸ்டாக். அயோவாவில் அவரை ஆடக் கூப்பிட்ட ஹென்றி காலன்பெர்கும் ஸ்பிரிங்ஃபீல்டு பழக்கம்தான். ஆக, பழைய சகாக்கள் இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு பையன்களை ஆடவிட்ட மேட்ச் அது. இதில் கல்லூரி எங்கே முடிகிறது, ஒய்.எம்.சி.ஏ. எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியுமா என்ன? அன்றைக்குக் கல்லூரி அணிகள் பாதி நேரம் ஆடியதே ஊர் ஒய்.எம்.சி.ஏ. அணிகளோடுதான். (நம் நந்தனத்துக் கதையும் இதே கிளைதான். 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி க்ரோ பக் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்.)

அப்புறம் அந்த 15–12. இந்தக் காலத்துப் பையன்கள் சிரிப்பார்கள், கால் மணி நேர ஸ்கோர் இது. ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு கோலுக்கும் பிறகு பந்தை நடுவுக்குக் கொண்டுவந்து ஜம்ப் பால் போட வேண்டும், அதாவது இரு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் எம்பிப் பிடிக்க நடுவர் பந்தை மேலே எறிய வேண்டும், 1937 வரைக்கும் இதே கதைதான். அடி மூடிய கூடையில் விழுந்த பந்தை வெளியே எடுப்பதே தனி வேலை. மாற்று ஆட்டக்காரர்களும் இறங்கவில்லை, தொடங்கிய ஐந்து பேரேதான் கடைசிவரை ஆடினார்கள். கோலுக்கு எத்தனை புள்ளி என்பதுகூட அந்த வருடங்களில் மாறிக்கொண்டே இருந்தது.

இன்னும் ஒன்று, அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அயோவா சிட்டி ஆட்டம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1896 ஏப்ரல் 4, சான் பிரான்சிஸ்கோ. ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி இரண்டு பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகள், பக்கத்துக்கு ஒன்பது பேர், ஸ்டான்ஃபோர்டு 2–1 என்று ஜெயித்தது. எந்த அணி எந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடுகிறது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. யேல் பையன்கள் பென்சில்வேனியாவோடு ஆட இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஆட்டத்தைப் பார்க்க அரங்கம் முழுக்கக் கூட்டம், ஆனால் ஆண்களை உள்ளே விடவில்லை.