கதை எப்போது ஆரம்பிக்கும்?

அனைவருக்கும் வணக்கம். படம் முடிந்த கையோடு பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களும் இருப்பீர்கள். நீட்டி முழக்க மாட்டேன்.

இப்போது நாம் பார்த்த, இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'பிஃபோர் சன்ரைஸ்' படத்தை நான் முதலில் பார்த்தது வீட்டில், அண்ணியோடு. இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, கதை எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. அண்ணி எழுந்து ஓடிக்கொண்டே, "அப்படியே நிறுத்தி வைங்க, வந்துடறேன்" என்றார். கதையே ஆரம்பிக்காத படத்தை யாராவது நிறுத்தி வைக்கச் சொல்வார்களா?

1995இல் வந்த படம். புடாபெஸ்டிலிருந்து வரும் ரயிலில் ஜெஸ்ஸி என்று ஓர் அமெரிக்க இளைஞன், செலின் என்று ஒரு பிரெஞ்சுப் பெண். பேச்சுக் கொடுக்கிறார்கள், வியன்னாவில் இறங்குகிறார்கள், ராத்திரி முழுக்க ஊர் சுற்றுகிறார்கள், விடிந்ததும் பிரிகிறார்கள். வில்லன் கிடையாது, அரிவாள் தூக்கும் அப்பா கிடையாது. பொழுது விடியப்போகிறது, அது ஒன்றுதான் வில்லங்கம்.

படம் எங்கே தொடங்குகிறது என்று கவனித்தீர்களா? ரயில் பெட்டியில் ஒரு கணவனும் மனைவியும் ஜெர்மன் மொழியில் சண்டை போடுகிறார்கள். அந்தச் சத்தம் பொறுக்காமல்தான் செலின் இடம் மாறி ஜெஸ்ஸிக்கு அருகே வந்து உட்காருகிறாள். முதல் பேச்சே அந்தச் சண்டையைப் பற்றித்தான். வயதாக ஆக ஆண்களுக்குக் கீச்சுக் குரல் கேட்காமல் போகுமாம், பெண்களுக்குக் கனத்த குரல் கேட்காமல் போகுமாம் என்கிறாள் அவள். சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம். ஆனால் இதே இருவரை வைத்து இதற்குப் பின்னால் வந்த இரண்டு படங்களையும் பார்த்தவர்களுக்கு அந்த வரி சும்மா வந்ததல்ல என்று தெரியும்.

காதல் வசனம் என்றால் நமக்கு அழகாகப் பேசுவது. இந்தப் படத்தில் அப்படி அழகாக ஒருவரும் பேசுவதில்லை. ஜெஸ்ஸி பாதி நேரம் உளறுகிறான். அவன் பேசும்போது நான் செலின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். சின்ன வயதில், செத்துப்போன கொள்ளுப்பாட்டியைப் பார்த்த கதையை ரயிலில் சொல்கிறானே, தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தெறித்த சாரலில் பாட்டி தெரிந்தார் என்று? அவள் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. நமக்கும் அது மறந்தே போகிறது. பல மணி நேரம் கழித்து ஒரு காபிக் கடையில் இருவரும் விளையாட்டாகக் கையையே போனாக வைத்துக்கொள்கிறார்கள். அவன் அவளுடைய பாரிஸ் தோழியாக நடிக்க வேண்டும். அந்தப் 'தோழி'யிடம்தான் அவள் சொல்கிறாள், பாட்டியின் கதையைச் சொன்னபோதே அவனிடம் மனசைப் பறிகொடுத்துவிட்டேன் என்று. நேரே அவனிடம் சொல்ல வராத வார்த்தை, பொய்ப் போனில் வந்துவிடுகிறது. அவன் சொன்ன எதையும் அவள் சிந்தவிடவில்லை என்று அப்போதுதான் அவனுக்கும் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது.

அப்புறம் இசைத்தட்டுக் கடை. பாட்டுக் கேட்பதற்கென்று ஒரு சின்ன அறை, இருவர் நின்றால் தோள் இடிக்கும். பாட்டு ஓடுகிறது. அவன் பார்த்தால் அவள் வேறெங்கோ பார்க்கிறாள். அவள் பார்க்கும்போது அவன் மேலே பார்க்கிறான். ஒரு வார்த்தை இல்லை. ஓயாமல் பேசுகிற படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் எதுவென்றால், இந்தப் பேசாத இடம்தான். அதுவரை அத்தனை பேசியிருக்காவிட்டால் இந்த மௌனத்துக்கு இவ்வளவு கனம் வந்திருக்காது.

இதெல்லாம் கேமரா முன்னால் தோன்றியதைப் பேசியது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. லிங்க்லேட்டரும் கிம் கிரிசானும் எழுதினார்கள். நடிகர்கள் ஈத்தன் ஹாக், ஜூலி டெல்பி இருவரும் கூட உட்கார்ந்து திருத்தினார்கள், ஒத்திகை பார்த்தார்கள். நாக்குத் தடுமாறுவதற்குக்கூட ஒத்திகை வேண்டியிருக்கிறது!

நம் '96' படத்திலும் ஓர் இரவுதான், சென்னையில். ஆனால் ராமும் ஜானுவும் முன்பே பழகியவர்கள். சொல்லாமல் விட்டதைத்தான் சொல்லித் தீர்க்கிறார்கள். வியன்னாவில் முன்பின் தெரியாதவர்கள். இரண்டும் வேறு ருசி, ஒப்பிட்டு மார்க் போட வேண்டியதில்லை.

2004இல் இரண்டாம் படம், 'பிஃபோர் சன்செட்'. ஒன்பது வருடம் கழித்து பாரிசில் சந்திக்கிறார்கள். அவனுக்கு விமானத்துக்கு நேரமாகிறது. எண்பது நிமிடப் படம், ஏறக்குறைய அதே அளவு நேரம்தான் அவர்களுக்கும்.

2013இல் மூன்றாவது, 'பிஃபோர் மிட்நைட்'. பலருக்கு அது பிடிப்பதில்லை. எனக்கு மூன்றிலும் அதுதான் உசத்தி. கிரீஸில் ஓர் ஓட்டல் அறை, ஏறக்குறைய அரை மணி நேரச் சண்டை. இப்போது அவர்களுக்கே குழந்தைகள் இருக்கிறார்கள். ஒருவர் சொன்னதை ஒருவர் எவ்வளவு கூர்ந்து கேட்டு வைத்திருந்தார்களோ, அத்தனையும் இங்கே கத்தியாகிறது. எங்கே குத்தினால் வலிக்கும் என்று நன்றாகக் கேட்டவருக்குத்தானே தெரியும்? அன்றைக்கு ரயிலில் கத்திய அந்த ஜெர்மன் தம்பதி, இவர்கள்தான்.

செலின் கதவை அறைந்துவிட்டுப் போகிறாள், கடலோரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஜெஸ்ஸி வருகிறான். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, முன்பின் தெரியாதவன் போலப் பேச்சுக் கொடுக்கிறான். தான் காலத்தில் பயணம் செய்பவனாம், எண்பத்திரண்டு வயதுச் செலின் எழுதிய கடிதம் கொண்டுவந்திருக்கிறானாம். வியன்னாவில் அவளை ரயிலிலிருந்து இறக்கியதும் இதே காலப்பயணக் கதையைச் சொல்லித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட்டை நிறுத்தச் சொல்கிறாள், அவனும் சலித்துப் போகிறான். கொஞ்ச நேரம் இருவரும் சும்மா இருக்கிறார்கள். அப்புறம் அவளாகவே கேட்கிறாள்: சரி, அந்தக் கால இயந்திரம் எப்படி வேலை செய்யும்?