பிள்ளை பெற்றவளின் காய்ச்சலும் பிஸ்கட் ரின்னில் கிடக்கும் குளிசையும்

(முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேசியது. அவசரத்தில் விட்டுப்போன சிலதைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். கைப்பிள்ளையோடு வந்திருக்கிற தங்கச்சிமார் பிள்ளை அழுதால் இருந்தபடியே பால் கொடுங்கோ, யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். என்னை உங்களுக்குத் தெரியும். முப்பது வருசத்துக்குக் கிட்ட இந்தக் கிரவல் ரோட்டுகளில் வீடு வீடாக ஏறி இறங்கிய மிட்வைஃப் மிஸ். இங்கே இருக்கிற சிலரைப் பிறந்த கையோடு நிறுத்துப் பார்த்ததும் நான்தான்.

இந்த ரின்னைப் பாருங்கோ. பிஸ்கட் ரின், என் தங்கச்சி வீட்டு அலுமாரிக்கு மேலிருந்து எடுத்து வந்தது. உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக நாலு கப்சூல், அது அமொக்சிசிலின், கிருமியைக் கொல்லுகிற அன்டிபயோட்டிக் மருந்து, யாருக்கோ பல்லு வீங்கினபோது வாங்கியது. அட்டையை அரைவாசியில் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார்கள், பெயரில் பாதி இருக்கிறது, திகதி வெட்டுப்பட்டுப் போய்விட்டது. நீட்டு வெள்ளைக் குளிசை இரண்டு. பிறகு தனியாகக் கழன்று கிடக்கிற ஒன்று, அது என்னவென்று எனக்கே தெரியவில்லை. இப்படி ஒரு ரின் உங்கள் வீட்டிலும் இருக்கிறதா இல்லையா?

இந்த ரின்னுக்கு ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன். என் பெறாமகளுக்கு, அந்தத் தங்கச்சியின் மகளுக்கு, இரண்டாவது பிள்ளை, முதல் பிள்ளையைப் போலவே சீசர். நாலாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். ஆறாம் நாள் பின்னேரம் அவளுக்குக் குளிர் எடுத்தது. பால் கட்டினதால் வந்த காய்ச்சல் என்று தங்கச்சி நினைத்துப் பனடோல் கொடுத்தாள், காய்ச்சல் இறங்கியது, இரவு திரும்பவும் ஏறியது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் யானை நிற்கிற ரோட்டால் போக வேண்டும், மூத்த பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை, மருமகன் வயல் காவலில். ரின்னுக்குள் அவருக்குக் காலில் கம்பி குத்தினபோது வாங்கின அன்டிபயோட்டிக் மிச்சம் ஐந்து கிடந்தது. வாங்கின கடையில் மருத்துவர் எழுதின துண்டு கேட்கவில்லை, எத்தனை நாள் போட வேண்டும் என்றும் சொல்லவில்லை. தங்கச்சி அந்த ஐந்தையும் காலையும் மாலையுமாகக் கொடுத்து முடித்தாள். காய்ச்சல் கொஞ்சம் விட்டது மாதிரி இருந்ததால் எனக்கும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் விடிய ஃபோன் வந்தது. "அக்கா, பிள்ளை கதைக்கிறது ஒரு மாதிரியா இருக்கு." நான் போய்ப் பார்த்தபோது நாடி நிமிடத்துக்கு 130. அடிவயிற்றில் கை வைக்க விடவில்லை. கட்டியிருந்த துணியில் அழுகல் மணம். பெரியம்மா என்று கூப்பிட்டவள் அடுத்த நிமிடம் என்னை ஆரென்று கேட்டாள். எங்கள் அம்மம்மாமார் இதைத்தான் சன்னி என்றார்கள், கொத்தி என்ற பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலையும் இரும்பும் வைத்தார்கள். இது கிருமி இரத்தத்தில் ஏறின நிலை. 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தோம், அம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட முன்னமே இரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கிற கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வந்த அந்தத் தாளை நான் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மருந்துகளின் பெயர், எதிரே ஒரு எழுத்து. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கேட்கும், ஆர் என்றால் அசையாது. மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர் என்று வந்துகொண்டே இருந்தது. அமொக்சிசிலினுக்கு ஆர். செஃபலெக்சினுக்கு ஆர். வழமையாக முதலில் போடுகிற ஊசிக்கும் ஆர். கடைசியில் மெரோபெனம், அமிகாசின் இரண்டுக்கு மட்டும் எஸ். கிருமியின் பெயர் ஈ. கோலை, எங்கள் எல்லோருடைய குடலிலும் இருக்கிற இனம்தான். எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மெரோபெனம் ஏற்றி, பதினாறு நாள் வாட்டில் கிடந்து, அவள் எழும்பி வந்தாள்.

அந்த ஐந்து குளிசைதான் கிருமியை அப்படி ஆக்கியது என்று நான் சொல்ல மாட்டேன், அது உண்மையாக இருக்காது. அந்தக் கிருமி முன்னமே அவளுடைய குடலில் இருந்திருக்கலாம், ஆஸ்பத்திரியில் தொற்றியிருக்கலாம். ஐந்து குளிசை செய்த கெடுதி வேறு. காய்ச்சலை மறைத்து மூன்று நாளை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. பிள்ளை பெற்றவளுக்கு மூன்று நாள் என்பது சின்னக் கணக்கில்லை.

சரி, ஏன் இந்த நேரத்தில் அவ்வளவு பயம்? நச்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் கருப்பைக்குள் ஒரு திறந்த புண். சீசர் என்றால் வயிற்றில் வெட்டு, சாதாரணப் பிரசவம் என்றாலும் கீழே கிழிவோ தையலோ இருக்கும், சிறுநீர்க் குழாய் போட்டிருப்பார்கள், மார்புக் காம்பு வெடித்திருக்கும். கிருமி உள்ளே போக இத்தனை வாசல். பிரசவத்துக்குப் பிறகு 42 நாள் வரை கவனம் என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

கிருமி எப்படி மருந்துக்கு அசையாமல் போகிறது என்பதை உங்களுக்குச் சொல்லித் தருவது லேசு, நீங்கள் வயல்காரர். நெல்லில் விழுகிற அறக்கொட்டியான் பூச்சிக்கு ஒரே மருந்தை அளவு குறைத்துப் போகத்துக்குப் போகம் அடித்தால் என்ன நடக்கும்? சாகிறது சாகும், தாங்குகிறது தங்கும், அடுத்த போகத்தில் வயல் முழுக்கத் தாங்கினதின் வம்சம். அதைத் தின்னும் சிலந்தியும் மருந்தில் செத்துப்போயிருக்கும், ஆகவே தடுக்க ஆளில்லை. குடலும் அப்படித்தான். அங்கே நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் இடத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன, தேவையில்லாத அன்டிபயோட்டிக் அவற்றைக் கொன்றுவிட்டுத் தாங்குகிற கிருமிக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது. அறக்கொட்டியானுக்கு ஒரு தலைமுறைக்கு மூன்று நாலு கிழமை வேண்டும். ஈ. கோலைக்கு வசதியான இடம் கிடைத்தால் 20 நிமிடம்.

இன்னொன்று இருக்கிறது, அது எந்தப் பூச்சிக்கும் இல்லாத வித்தை. சில கிருமிகள் பென்சிலின் வகை மருந்தை வெட்டுகிற ஒரு நொதியைச் செய்யக் கற்றுவிட்டன, பீட்டா லக்டமேஸ் என்பது அதன் பெயர். அந்தச் செய்முறையை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குக் கைமாற்றிக் கொடுக்கும், பக்கத்துக் கிருமி வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும். அந்த நொதியைத் தடுக்கத்தான் ஓகுமென்டின் என்ற அன்டிபயோட்டிக்கில் கிளவுலானிக் அமிலத்தைச் சேர்த்தார்கள். இப்போது அதையும் தாண்டின கிருமிகள் வந்துவிட்டன. ஒரு தடவை அன்டிபயோட்டிக் குடித்த பிறகு தாங்குகிற கிருமிகள் மாதக் கணக்கில் உடம்பில் நிற்கலாம், ஒரு வருசம் வரைக்கும்கூட. ஆகவே ஏழாம் மாதத்தில் தடிமனுக்குக் கடையில் வாங்கிக் குடித்த அன்டிபயோட்டிக் பிரசவ அறைக்குள்ளும் உங்களோடு வரும். தடிமன் வைரஸ், அதற்கு அந்த மருந்தால் எந்த வேலையும் இல்லை.

வியன்னாவில் நடந்ததையும் கேளுங்கோ. 1840களில் அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வாட். ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும், மற்றதில் எங்களைப் போல மருத்துவிச்சிமார். மருத்துவர்களின் வாட்டில்தான் தாய்மார் கூடுதலாகச் செத்தார்கள். முதலாவது வாட்டுக்கு வேண்டாம் என்று பெண்கள் கெஞ்சியிருக்கிறார்கள். செம்மல்வைஸ் என்ற மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடித்தார்: அவர்கள் பிணத்தை வெட்டிப் படித்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். 1847இல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார், மாரி வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் கிணறுகளுக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடர் மாதிரியான சாமான்தான் அது. அந்த ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் செத்த வாட்டில் சில மாதத்தில் சாவு 2 அளவுக்கு இறங்கியது. அன்டிபயோட்டிக் என்ற சொல்லே இல்லாத காலம், வெறும் கை கழுவினதில். அவரைப் பெரும்பாலான மருத்துவர்கள் ஏற்கவில்லை, 1865இல் ஒரு மனநோய் விடுதியில் செத்தார்.

அந்தக் காலத்தில் தாய்மாரைக் கொன்ற முக்கியமான கிருமி ஒரு ஸ்ட்ரெப்டோகொக்கஸ். அது இன்றைக்கும் பென்சிலினுக்குக் கேட்கிறது. மாறிப்போனவை மற்றவை, குடலிலிருந்து வருகிற ஈ. கோலை, கிளெப்சியெல்லா, தோலிலிருந்து வருகிற ஸ்டஃபிலோகொக்கஸ். மெதிசிலின் என்ற மருந்து வந்தது 1959இல், அதற்கு அசையாத ஸ்டஃபிலோகொக்கஸ் பற்றிய அறிக்கை வந்தது 1961இல். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே, அளவு குறைத்துக் குடித்தால் கிருமி பழகிவிடும் என்று எச்சரித்தார். மருந்துக்கு அசையாத பாக்டீரியாவால் நேரடியாக 2019இல் மட்டும் உலகத்தில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கு.

அன்டிபயோட்டிக் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று வெளிநாட்டு மருத்துவர்கள் இப்போது கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். எங்களுக்கு அதை ஆரும் சொல்லித் தர வேண்டாம். 2009இன் முதல் மாதங்களில், போரின் கடைசிக் கட்டத்தில், பதுங்குகுழிக்குள்ளும் தறப்பாளுக்குக் கீழேயும் பிள்ளை பெற்ற பெண்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கொதித்த ஒருத்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கையில் பனடோல் அட்டை ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லாமல் ஒரு இரவு முழுக்க இருந்தேன். மேலே அதைச் சொல்ல எனக்கு முடியாது. அன்றைக்கு மருந்து வரவில்லை. என் பெறாமகளின் தாளில் அந்த ஆர் வரிசையைப் பார்த்தபோது எனக்கு அந்த இரவுதான் ஞாபகம் வந்தது. மருந்து அலுமாரி நிறைய இருந்தும் ஒன்றும் கேட்காவிட்டால், கிடக்கிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் அன்டிபயோட்டிக்குக்கு எதிரி என்று ஆரும் எடுக்க வேண்டாம். சீசருக்குக் கத்தி வைக்க முன்னமே ஒரு அளவு கொடுப்பார்கள், அது கட்டாயம் வேண்டும். பெரிய கிழிவுக்கும், நச்சுக்கொடியைக் கைவிட்டு எடுத்தாலும் கொடுப்பார்கள். ஏழு நாடுகளில் 29,000க்கு மேற்பட்ட பெண்களிடம் செய்து 2023இல் வெளிவந்த ஆய்வில், சாதாரணப் பிரசவ வலியோடு வந்தவர்களுக்கு அசித்ரோமைசின் ஒரு தடவை கொடுத்ததில், கிருமி இரத்தத்தில் ஏறுவதோ இறப்போ நூற்றுக்கு 2.4இலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. அதை எப்போது கொடுப்பது என்பது ஆஸ்பத்திரி எடுக்க வேண்டிய முடிவு. சிக்கலில்லாத பிரசவத்துக்கும், வழியை அகட்டச் சின்னதாக வெட்டித் தைத்ததற்கும் வழமையாக அன்டிபயோட்டிக் வேண்டாம் என்றுதான் உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. ஆனால் நான் வீட்டுக்குப் போனால் எத்தனை அம்மாமார், "மிஸ், தையல் ஆற ஒரு அன்டிபயோட்டிக் எழுதித் தரச் சொல்லுங்கோவன்" என்று கேட்டிருக்கிறார்கள். தையல் ஆறுவதற்குச் சவர்க்காரமும் சுத்தத் தண்ணீரும் காய்ந்த துணியும் போதும்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இதுதான். பிள்ளை பெற்று ஆறு கிழமைக்குள் காய்ச்சல் 38 பாகைக்கு மேல் போனால், குளிர் நடுக்கம் வந்தால், இரத்தப்போக்கில் கெட்ட மணம் வந்தால், அடிவயிறு நொந்தால், வெட்டின இடம் சிவந்து கசிந்தால், ஆள் மந்தமாகிக் கதை மாறினால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. மாஞ்சோலையோ கிளிநொச்சியோ எது கிட்டவோ அங்கே. இரவென்றால் 1990, அம்புலன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை. ரின்னைத் திறக்காதீர்கள். தெரியாமல் ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் அந்த அட்டையையும் கொண்டு போய்க் காட்டுங்கோ. ஏசுவார்களென்று பயந்து சொல்லாமல் விட்டால் கல்ச்சர் முடிவே பிழையாக வரலாம், ஏற்கெனவே குளிசை குடித்த உடம்பில் கிருமி முளைக்காமல் போகும். மருத்துவர் எழுதித் தந்ததை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும் குடியுங்கோ. மிஞ்சினதை ரின்னில் போடாமல் அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கோ.

ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். நோயாளி "டொக்டர், கை கழுவிப்போட்டுத் தொடுங்கோ" என்று கேட்டால் கோபிக்காதீர்கள். கேட்க அவளுக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று நினையுங்கள்.

பேசி முடிய இரண்டு கேள்வி வந்தது. அன்டிபயோட்டிக் குடிக்கும்போது பால் கொடுக்கலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டா. பெரும்பாலானவற்றோடு கொடுக்கலாம், மார்பு வீங்கிக் காய்ச்சல் வந்தாலும் அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிற்பாட்டக் கூடாது, பால் கொடுக்கிறேன் என்று மருந்து எழுதுகிறவரிடம் வாய் திறந்து சொன்னால் அதற்கு ஏற்ற மருந்தைத் தருவார். மற்றது பின்வரிசையில் இருந்த அப்பாச்சி ஒருவர் கேட்டது. "வேது தண்ணி வார்க்கலாமோ, சரக்குக் கறி கொடுக்கலாமோ, எல்லாத்தையும் வேண்டாம் எண்டுறியள்." மிளகு சீரகம் அரைத்த சரக்குக் கறி தாராளமாகக் கொடுங்கோ, மீனும் சேர்த்துக் கொடுங்கோ. இலை அவித்த வேது தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க வார்க்காமல், கை பொறுக்கிற சூட்டில் மேலுக்கு வார்க்கலாம். வெட்டின இடத்தில் இலையோ மஞ்சளோ சாம்பலோ வைக்க வேண்டாம், சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து ஈரமில்லாமல் விடுங்கோ. வார்க்கிற ஆள் முதலில் தன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும் என்றேன். "அதை நான் எப்பவும் செய்யிறனான்" என்று சொல்லி அப்பாச்சி கையை விரித்துக் காட்டினா.