டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு எரிகிறதா? ஏபிஎஸ் யூனிட்டை மாற்றும் முன் வீல் பக்கம் பாருங்கள்

[காட்சி: மீட்டர் போர்டு. கார் படம், அதன் கீழே நெளிந்த இரண்டு கோடுகள், மஞ்சள் விளக்கு]

வணக்கம். இந்த மஞ்சள் விளக்கைப் பற்றித்தான் இன்றைக்கு வீடியோ.

மழை ஈரத்தில் தொப்பூர் கணவாய் ஏறும்போது இது விட்டுவிட்டு மின்னினால் ஒன்றும் செய்ய வேண்டாம். சக்கரம் வழுக்குகிறது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் அதைப் பிடிக்கிறது. மின்னாமல் நிலையாக எரிந்தால்தான் வேலை இருக்கிறது. முதலில் டேஷ்போர்டில் டிராக்‌ஷன் கன்ட்ரோலை நிறுத்தும் சுவிட்ச் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பின் சீட்டில் இருந்து எட்டிப் பார்த்த பையன் அமுக்கிவிட்டிருப்பான். அப்படி என்றால் வீடியோவை இத்தோடு நிறுத்திவிடலாம்.

சுவிட்ச் சரியாக இருக்கிறதா? அப்போது மேற்கொண்டு பார்ப்போம்.

[காட்சி: கழற்றிய முன் வீல், ஹப் அருகே சென்சார்]

நான்கு வீலிலும் ஒவ்வொரு சென்சார் இருக்கிறது. அந்த வீல் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று ஏபிஎஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. ஏபிஎஸ் என்றால் பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் சுற்றாமல் லாக் ஆவதைத் தடுக்கும் அமைப்பு. இன்ஜின் இழுக்கும் வீல் மற்றதை விட வேகமாகச் சுற்றினால் கம்ப்யூட்டர் இன்ஜின் பவரைக் குறைக்கும், தேவைப்பட்டால் அந்த ஒரு வீலுக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். நான்கில் ஒரு கணக்கு வரவில்லை என்றாலும், தப்பாக வந்தாலும், அது தன்னை நிறுத்திக்கொண்டு விளக்கைப் போட்டுவிடும். ஏபிஎஸ், மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு எல்லாம் இதே கணக்கை நம்பித்தான் ஓடுகின்றன. அதனால் மூன்று விளக்கு சேர்ந்து எரிந்தால் மூன்று கோளாறு என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஒன்றுதான்.

வண்டியை ஓட்டலாமா? மஞ்சள் மட்டும் என்றால் சாதாரண பிரேக் பிடிக்கும். ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால், அழுத்திப் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகலாம். தர்மபுரியில் இருந்து சேலம் பக்கம் தொப்பூர் இறங்குகிறவர்கள் இரண்டாவது, மூன்றாவது கியரில் மெதுவாக இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது எப்போதுமே கூடாது, இப்போது சுத்தமாகக் கூடாது. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓரங்கட்டி பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

இனி கோளாறைத் தேடுவோம். பட்டறைக்குப் போனதும் சிலர் “ஏபிஎஸ் யூனிட் போச்சு சார்” என்று ஆரம்பிப்பார்கள். போகாது என்று சொல்லவில்லை. ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பொருள், விலையும் அதிகம். முதலில் கோடு (code), அதாவது கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண், எடுக்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கோடு மட்டும்தான் காட்டும். ஏபிஎஸ் கோடு படிக்கிற ஸ்கேனர் வேண்டும். பல வண்டிகளில் சி0035 என்றால் முன் இடது வீல் சென்சார், சி0040 என்றால் முன் வலது. கம்பெனிக்குக் கம்பெனி கோடு மாறும் என்பதால் உங்கள் வண்டிக்கான விளக்கத்தோடு பாருங்கள்.

கோடு வந்ததும் சென்சாரை வாங்கப் போகாதீர்கள். கோடு எந்த வீல் என்று சொல்லும், சென்சாரா வயரா என்று சொல்லாது.

[காட்சி: சாலையில் பரப்பிய கொள்ளுச் செடிகள் மேல் போகும் கார்]

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அறுவடை நேரத்தில் ராகியையும் கொள்ளையும் ரோட்டில் பரப்பிவிடுவார்கள், நாம் அதன் மேல் ஏற்றிப் போவோம். அந்தக் கொடி ஆக்சிலில் சுற்றிக்கொண்டு சென்சார் வயரை இழுக்கும். கிளிப் கழன்ற வயர் டயரில் உரசித் தேயும். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி வயரை முழு நீளத்துக்கும் பாருங்கள். சைலன்சர் பக்கம் காய்ந்த சருகு மாட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், தீப்பிடிக்கும் சமாச்சாரம் அது.

வயர் நன்றாக இருந்தால் சென்சார் முனையைப் பார்க்க வேண்டும். குவாரித் தூசி எங்கும் படியும்தான், ஆனால் இங்கே அதிகம் தொல்லை தருவது இரும்புத் துகள். பிரேக் தேய்ந்து வரும் துகள் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். துணியால் துடைத்தால் போதும். போல்ட்டைக் கழற்றியும் சென்சார் வரவில்லை என்றால் துரு பிடித்திருக்கிறது. ஸ்பிரே அடித்து ஊற விட்டு, மெல்ல அசைத்து எடுங்கள். சுத்தியலால் தட்டினால் உடைந்துவிடும்.

அப்புறம் லைவ் டேட்டா. இது எனக்குப் பிடித்த சோதனை. ஒருவர் நேர்சாலையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் நான்கு வீல் வேகத்தையும் ஸ்கேனரில் பார்க்கட்டும். மூன்று இருபது காட்டி, ஒன்று பூஜ்யத்துக்கும் இருபதுக்கும் குதித்தால் ஆள் சிக்கிவிட்டான்.

அண்மையில் வீல் பேரிங் மாற்றினீர்களா? பல கார்களில் பேரிங்கின் ஒரு முகத்திலேயே காந்த வளையம் இருக்கும். அந்த முகம் சென்சார் பக்கம் வர வேண்டும். திருப்பி அடித்துவிட்டால் சிக்னலே வராது. புது சென்சார் போட்டும் அதே வீலுக்குக் கோடு வந்தால் இதைத்தான் கேளுங்கள்.

வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகோ பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகோ எரிந்தால் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்லும் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். ஸ்கேனரில் மறுபடி நடுநிலை காட்ட வேண்டியிருக்கலாம். பஞ்சராகி, சைஸ் குறைந்த ஸ்டெப்னி மாட்டியிருந்தாலும் சில கார்களில் எரியும். இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் முதலில் இன்ஜினைப் பாருங்கள். பவரைக் குறைக்க இன்ஜின் ஒத்துழைக்காவிட்டால் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் நின்றுவிடும்.

சரி செய்ததும் கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சில வண்டிகளில் கொஞ்சம் தூரம் ஓடி, நான்கு வீல் கணக்கும் ஒத்துவந்த பிறகுதான் விளக்கு அணையும். அதனால் பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டு மெக்கானிக்கோடு சண்டை போடாதீர்கள்.