எந்த வழியாக உள்ளே நுழைவது?

நேயர்களுக்கு வணக்கம். தொலைவிலுள்ள கணினிக்குள் இங்கிருந்தே நுழைந்து கட்டளையிட உதவும் நிரல்களில், எங்கள் அலுவலகத்தில் புட்டி என்று அழைக்கப்படுவதும் ஒன்று. "புட்டியைத் திறந்தால்தான் வேலை ஓடும்" என்று நான் தொலைபேசியில் சொன்னதைக் கேட்ட ஆச்சி, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதைத் திறந்ததும் இணைப்பு வகை எது என்று கேட்கும். புதியவர்கள் தயங்குவது அங்கேதான். டெல்நெட் பழைய வகை. நீங்கள் தட்டும் எழுத்துகளை, கடவுச்சொல் உட்பட, மறைக்காமல் அப்படியே அனுப்பும். இந்த ஒலிவாங்கியின் முன் என் கடவுச்சொல்லை நான் சொன்னால், அம்பாசமுத்திரத்திலும் கேட்கும், நாங்குநேரியிலும் கேட்கும் அல்லவா? ஏறத்தாழ அப்படித்தான்.

பாளையங்கோட்டையில் நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் எல்லாக் கணினிகளும் ஒரே ஹப்பில் இணைந்திருந்தன. ஒரு கணினிக்குப் போகும் செய்தியை மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்தே அனுப்பிவிடும் பெட்டி அது. ஒரு நாள் மாலை, புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர் தேநீர்க்கடைச் சீட்டின் பின்புறத்தை என்னிடம் நீட்டி, "அண்ணாச்சி, இது ஒங்க பாஸ்வேர்டுதான?" என்று கேட்டார். என் ஊர்ப்பெயரும் மகள் பிறந்த ஆண்டும் எழுத்துப் பிசகாமல் அதில் இருந்தன. தம் மேசையை விட்டு எழுந்திராமலே, வலையில் போவதைப் படிக்கும் நிரலால் அவர் அதை எடுத்திருந்தார். கோபம் வந்தது, யார்மீது என்றுதான் தெரியவில்லை.

பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இப்படிக் கடவுச்சொற்கள் திருடப்பட்டதால்தான், 1995-இல் அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென் எஸ்எஸ்எச் என்னும் இணைப்பு முறையை உருவாக்கினார். அது செய்திப் போக்குவரத்து முழுவதையும் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கி அனுப்புகிறது. ஆகவே ஐயமிருந்தால் எஸ்எஸ்எச்சையே தேர்ந்தெடுங்கள்; ஐயமில்லாவிட்டாலும் அதையே தேர்ந்தெடுங்கள். 22 என்னும் போர்ட் எண், அதாவது இணைப்பு நுழையும் வாசலின் எண், தானாகவே வந்து நிற்கும். 23 என்று கண்டால், டெல்நெட்டில் இருக்கிறீர்களோ என்று பாருங்கள்.

முதல் முறை இணையும்போது அந்தக் கணினியின் அடையாளச் சாவியை, அதாவது அதற்கே உரிய நீண்ட எழுத்து வரிசையை, காட்டி, நம்பலாமா என்று நிரல் கேட்கும். வாசலில் வந்து "நான் உன் மாமா" என்பவரை விசாரித்தே உள்ளே விடும் நாம், இங்கே மட்டும் படிக்காமல் சம்மதித்துவிடுகிறோம். கணினியைப் பராமரிப்பவரிடம் கேட்டு, அந்தச் சாவியை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அப்பால் கைகாட்டுகிறார்கள். சீரியல் என்னும் இன்னோர் இணைப்பு வகை பற்றி ஒரு சொல்: வலை முகவரி இன்னும் பெறாத ரவுட்டர் (வலைகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) போன்ற கருவிகளோடு கம்பி வழியே நேராகப் பேசுவதற்கு அது. வேகம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், பெரும்பாலும் நொடிக்கு 9600 பிட். இல்லையேல் திரையில் கிறுக்கல்தான் வரும். வணக்கம்.