வாளியை அங்கே வாங்கலாம், சாதிச் சான்றிதழை வாங்க முடியுமா?

நடுவர் அவர்களே, பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பக் காத்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொடுப்பதா, போன இடத்தில் பார்த்து வாங்குவதா? பார்த்து வாங்குவதே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் கேட்டார்: "கல்லூரி வாசல் கடையில் வாளி இரண்டு மடங்கு விலை. முதல் நாள் பிள்ளை எதில் குளிக்கும்?" வாசல் கடையில் விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் கொண்டுவந்து விடும் அப்பா அன்று சாயங்காலம் வரை அங்கேதானே இருக்கிறார்? டவுன் பஸ் ஏறிக் கடைவீதிக்குப் போனால் வாளியும் கொடிக்கயிறும் நம் ஊர் விலைக்கே கிடைக்கும். அதற்காக மூன்று பஸ் மாறி, மடியில் வாளியை வைத்துக்கொண்டு வர வேண்டுமா?

நான் ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோவைக்குப் படிக்கப் போனவள். அம்மா வட்டிக்குப் பணம் வாங்கி இலவம்பஞ்சு மெத்தை தைத்துக் கொடுத்தார். போய்ப் பார்த்தால், கட்டிலோடு மெத்தையும் விடுதியிலேயே இருக்கிறது! மூன்று பேர் தங்கும் அறையில் என் மெத்தையை வைக்க இடமில்லை. கெட்டிலை வார்டன் அன்றைக்கே வாங்கி வைத்துக்கொண்டார். மின்சாரச் சாமான் கூடாது என்பது விதி. அம்மா மேல் தப்பில்லை. அந்த அறையை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் இரண்டாவது வாரம் லேப் கோட் வாங்கக் காசில்லாமல் நின்றேனே, நடுவர் அவர்களே, அந்த மெத்தைக் காசு என் கையில் இருந்திருக்க வேண்டாமா?

அறைக்கு ஒரு துடைப்பம், ஒரு கொடிக்கயிறு போதும். பேர் சொல்லிக் கூப்பிடவே கூச்சப்பட்ட நாங்கள் மூவரும், அதை வாங்கப் பேரம் பேசிய அன்றுதான் தோழிகளானோம்.

அப்படியானால் வீட்டிலிருந்து எது போக வேண்டும்? முதலில் காகிதம். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், எல்லாவற்றுக்கும் நகல். அடுத்து, வங்கிப் பாஸ்புக். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அது பிள்ளையின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்கில் ஆதாரை இணைக்காமல், பெட்டியில் நாலு போர்வையை அடுக்கி என்ன பயன்?

வீசிங் உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர், டாக்டர் சீட்டோடு. இரண்டு சாவியுள்ள நல்ல பூட்டு. ராகிங் தொல்லை வந்தால் அழைக்க வேண்டிய 1800-180-5522 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதிப் பைக்குள் வையுங்கள். போனில் மட்டும் இருந்தால், போனைப் பிடுங்கிக்கொண்டால் பிள்ளை என்ன செய்யும்?

"பருப்புப்பொடி வேண்டாமா?" என்று எதிரணி அக்கா கண் கலங்கக் கேட்டார். கட்டாயம் வேண்டும் அக்கா. மெஸ் சோறு இறங்காத ராத்திரியில் அந்த டப்பாவைத் திறந்து நானும் அழுதிருக்கிறேன். அந்த வாசனை எந்தக் கடையிலும் கிடைக்காது. அதைக் கொடுத்தனுப்புங்கள்.

மெத்தைக்கென்று எடுத்து வைத்த பணத்தை மட்டும் இன்றைக்கே கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். விடுதிக்குப் போன் போட்டு, கட்டிலோடு என்னென்ன தருவீர்கள் என்று நாளைக் காலையில் கேளுங்கள். நன்றி, வணக்கம்.