ஏழாவது வளைவு

(ஏற்காட்டில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

பனிச்சறுக்கு வீராங்கனை ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று கூட்டத்தை ஏற்பாடு செய்தவரிடம் சொன்னதும், அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "டீச்சர், நம் ஊரில் பனி என்றால் மூடுபனிதானே?" என்று கேட்டார். உண்மைதான். ஏரிக்கரையில் பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியாத அளவுக்கு நமக்கு மூடுபனி உண்டு. காலில் பலகையைக் கட்டிக்கொண்டு இறங்கும் பனி இல்லை. ஆனால் உயரத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். சுவீடன் நாட்டில் ஓரே என்றொரு ஊர் இருக்கிறது. பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற ஊர். அந்த ஊர் மலையின் உச்சி 1,420 மீட்டர். நம் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியோ 1,600 மீட்டரைத் தாண்டும். நமக்கு வெயில் வாய்த்ததால் காப்பியும் மிளகும் விளைகின்றன. வடக்கே வெகுதூரம் தள்ளியிருப்பதால் அவர்களுக்குப் பனி வாய்த்தது. அந்த மலைச்சரிவில் 2023 மார்ச் மாதம் நடந்த ஒன்றுதான் என்னை இங்கே பேச வைத்திருக்கிறது. அதற்குப் போகும் முன் வேறு சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

நான் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சேலம் அஸ்தம்பட்டியில் மகன் வீட்டில் இருக்கிறேன். பத்து வயதுப் பேத்தி ஒருத்தி இருக்கிறாள். மிகேலா ஷிஃப்ரின் என்ற அந்த வீராங்கனையின் பெயரை எனக்குச் சொன்னவள் அவள்தான். ஒரு நாள் மாலை கைப்பேசியை என் முன்னால் நீட்டி, "பாட்டி, இவர் விழாமல் எப்படி இறங்குகிறார் என்று பாருங்கள்" என்றாள். பார்த்தேன். ஒரு நிமிடம்கூட இருக்காது அந்த ஓட்டம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிவப்பும் நீலமுமாகக் கம்பங்கள், அவற்றின் நடுவே ஒரு பெண், ஓயாமல் இடமும் வலமுமாக ஓர் அசைவு. அவ்வளவுதான் தெரிந்தது. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளின் ஓட்டத்தைப் பார்த்தே வாழ்ந்தவளுக்கு ஓர் ஓட்டம் புரியவில்லை என்பது பெரிய குறையாகப் பட்டது. அன்றிலிருந்து உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

ஸ்லாலம் என்று பெயர் அந்தப் போட்டிக்கு. சரிவு முழுவதும் கம்பங்களை நட்டுவைப்பார்கள். அவற்றின் சரியான பக்கமாக ஒன்றுவிடாமல் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஒரு கம்பத்தைத் தவறவிட்டால் போட்டியிலிருந்து வெளியே. பலகையின் நுனி கம்பத்தின் மறுபக்கம் போய்விட்டாலும் வெளியேதான். கம்பத்தின் அடியில் மடங்கும் இணைப்பு இருப்பதால், வீரர்கள் அதை முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் கட்டிய காப்புகளால் அடித்துத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். கீழே கிடப்பது நாம் படத்தில் பார்க்கும் பஞ்சுப் பனி இல்லை. தண்ணீரைச் செலுத்தி உறையவைத்து, பாறைபோல் இறுக்கிய பனிக்கட்டி. அதில் பிடிப்பு என்று இருப்பது பலகையின் ஓரத்தில் உள்ள மெல்லிய எஃகு விளிம்பு மட்டும்தான்.

நம் மலைப்பாதையில் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் மேல் பக்கத்து இருக்கைக்காரர் சாய்கிறார் அல்லவா? பாரம் முழுவதும் வெளிப்பக்கத்துச் சக்கரங்களுக்குப் போகிறது. பனிச்சறுக்கிலும் அப்படியே. வளைவின் வெளிப்பக்கத்துக் கால்தான் பாரத்தைத் தாங்குகிறது. உள்பக்கக் காலில் பாரம் விழுந்துவிட்டால் பிடிப்பு போயிற்று. ஒரு வளைவு முடியும் முன்பே அடுத்த வளைவுக்குக் கால் மாற்ற வேண்டும். அடிவாரத்திலிருந்து இங்கே வர நமக்கு இருபது வளைவுகள். அவர்களுக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு, அதுவும் ஒரு நிமிடத்துக்குள்.

இன்னொரு விஷயம் என்னைக் கட்டிப்போட்டது. போட்டிக்கு முன்னால் அந்தப் பாதையில் ஒரு தடவைகூட முழு வேகத்தில் இறங்கிப் பார்க்க அனுமதி கிடையாது. ஓரமாக மெதுவாக நழுவிக்கொண்டே பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளலாம். பிறகு மேலே நின்று கண்களை மூடிக்கொள்கிறார்கள். உள்ளங்கைகள் இரண்டும் பலகைகளாகி, காற்றில் இடமும் வலமுமாக இறங்குகின்றன. மனத்துக்குள் பாதை முழுவதையும் ஓடி முடித்த பிறகுதான் கால் இறங்குகிறது. இரண்டாம் ஓட்டத்துக்குக் கம்பங்களை வேறு மாதிரி நடுகிறார்கள், மறுபடியும் மனப்பாடம். முதல் ஓட்டத்தில் முன்னிலை பெற்றவர் கடைசியில் இறங்க வேண்டும். மற்ற எல்லோருடைய நேரமும் அறிவிப்புப் பலகையில் ஏறிய பிறகு, மேலே தனியாக நிற்க வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தேன். இந்த முறை வேறொரு பெண் இறங்கினாள். அதே படம்தான். என் கண்தான் மாறியிருந்தது. வியப்பதற்குக்கூடப் படிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவது அதனால்தான்.

அந்த வீராங்கனையே அப்படிப் படித்து வளர்ந்த ஒரு ரசிகைதான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1995இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது ஹெய்டி வோல்கர் என்ற அமெரிக்க வீராங்கனை கையெழுத்திட்டுக் கொடுத்த படத்தில், எப்போதும் பையன்களைவிட வேகமாக இரு என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியின் முதலெழுத்துகளை இந்தப் பெண் தன் ஹெல்மெட்டில் பொறித்துக்கொண்டே போட்டியிட்டார். யாரோ ஒருவர் போகிறபோக்கில் எழுதிக் கொடுத்த வரியைத் தலைமேல் வைத்துக்கொள்வது என்று நாம் சொல்வோமே, அதை அவர் நிஜமாகவே செய்தார்.

அவர் வியந்த இன்னொருவர் ஆஸ்திரியாவின் மார்லீஸ் ஷில்ட். ஸ்லாலத்தில் அன்றைக்கு அவர்தான் ராணி. 2011 டிசம்பரில் லீன்ட்ஸ் நகரில் நடந்த போட்டியில், பதினாறு வயது ஷிஃப்ரின் நாற்பதாம் எண்ணில் இறங்கினார். நாற்பதாம் எண் என்றால் முன்னால் போனவர்கள் பனியைக் கீறிக் குழியாக்கிய பிறகு கிடைக்கும் பாதை. அதில் மூன்றாம் இடம் பிடித்தார். முதலிடத்தில் ஷில்ட். வியந்து பார்த்தவரோடு ஒரே மேடையில் நிற்கும் அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள்! இரண்டே ஆண்டுகள் கழித்து, 2014 சோச்சி ஒலிம்பிக்கில் இடம் மாறியது. பதினெட்டு வயது ஷிஃப்ரினுக்குத் தங்கம், ஷில்டுக்கு வெள்ளி. இடைவெளி 0.53 வினாடி. இரண்டாம் ஓட்டத்தின் நடுவே ஒரு கால் பலகை பனியை விட்டு மேலே கிளம்பி, அவர் விழுந்தே விட்டார் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். எப்படியோ காலை ஊன்றிக்கொண்டு அடுத்த கம்பத்தைப் பிடித்தார். அந்த ஒரு காட்சியை என் பேத்தி எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று எனக்குக் கணக்கில்லை.

இனி சொல்லப்போவது எனக்குச் சுலபமாக வரவில்லை.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு அவர் போனபோது பதக்கங்களைக் குவிப்பார் என்று ஆளாளுக்கு ஆருடம் சொன்னார்கள். மூன்று போட்டிகளில் அவரால் எல்லைக்கோட்டை எட்டவே முடியவில்லை. தனிநபர் பதக்கம் ஒன்றுகூட இல்லை. ஸ்லாலத்தில் புறப்பட்ட சில வினாடிகளில் தடம் தவறியது. பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, சரிவின் ஓரத்தில் பனியிலேயே உட்கார்ந்து முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வெகுநேரம் எழவில்லை. மற்றவர்கள் அவரைக் கடந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தந்தையை இழந்திருந்தார். அந்த நாட்களில் முகம் தெரியாத மனிதர்கள் அவருக்கு எழுதி அனுப்பிய வசைகளை அவரே பின்னர் வெளியிட்டார். படித்தபோது என் கை நடுங்கியது. அந்தப் பெண் வென்றுகொண்டிருந்த காலத்தில் கைதட்டியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் இறங்கிப்போக முடியாது. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாவட்டப் போட்டி. இருநூறு மீட்டர் ஓட்டத்தில் என் மாணவி வளைவில் தடுக்கி விழுந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையிலிருந்த நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். அது ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துவதா வேண்டாமா என்று யோசித்தேன். அவளைத் தூக்கி உட்காரவைத்தவர் வேறொரு பள்ளியின் ஆசிரியை. முழங்காலில் சிராய்ப்போடு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இன்னும் கடிகாரத்தோடுதான் நின்றிருந்தேன். பெய்ஜிங் சரிவில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது இந்த மாணவியின் முகம்.

சேலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினமில்லை. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கின் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றபோது மாவட்டமே கொண்டாடியது. டோக்கியோவில் வெள்ளி. அன்று மழை, பாதிக்கப்பட்ட காலில் அணிந்திருந்த உறை நனைந்து கனத்ததைப் பற்றி அவரே சொன்னார். பாரிஸில் வெண்கலம். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று வரிசையாக எழுதிப் பார்த்துவிட்டு, இறங்குமுகம் என்று என்னிடம் ஒருவர் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஐந்து வயதில் பஸ் சக்கரம் ஏறி நசுங்கிய காலோடு, மூன்று பாராலிம்பிக்கில் தொடர்ந்து மேடை ஏறிய ஒருவரைப் பார்த்து இறங்குமுகம் என்றா சொல்வது? ஈரக் காலுறையோடு மாரியப்பன் அந்தக் குறுக்குக் கம்பியை நோக்கி ஓடி வந்ததை அப்படிச் சொன்னவர் பார்க்கவே இல்லை. பதக்கத்தின் நிறத்தைத்தான் பார்த்தார்.

இப்போது ஓரே மலைக்கு வருகிறேன்.

சுவீடன்காரர்களுக்கு இங்கெமார் ஸ்டென்மார்க் என்றால் தனி உயிர். வடக்கே ஒரு சிறு ஊரிலிருந்து வந்தவர். அதிகம் பேச மாட்டார். 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் இரட்டைத் தங்கம். அவர் இறங்கும் நேரத்தில் பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலையை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்ப்பார்கள் என்று அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்கிறார்கள். குளிர்காலம்தோறும் பல ஊர்களில் தொடராக நடக்கும் உலகக் கோப்பைப் போட்டிகளில் 86 வெற்றிகள். 1989இல் அவர் ஓய்வு பெற்றார். 34 ஆண்டுகள் அந்த எண்ணை ஆணோ பெண்ணோ யாரும் தொடவில்லை.

2023 மார்ச் 10 அன்று ஷிஃப்ரின் அந்த 86ஐத் தொட்டார். மறுநாள், மார்ச் 11, ஸ்லாலத்தில் 87. இரண்டுமே ஓரே மலையின் சரிவில். ஸ்டென்மார்க்கின் சாதனை, ஸ்டென்மார்க்கின் நாட்டில், ஸ்டென்மார்க்கின் மக்கள் கண்முன்னால் உடைந்தது. உடைத்தவர் வேற்று நாட்டுப் பெண். அந்தக் கூட்டம் என்ன செய்தது? ஆரவாரம் செய்தது. 2012 டிசம்பரில் பதினேழு வயதில் அவர் தன் முதல் உலகக் கோப்பை வெற்றியைப் பெற்றதும் அதே ஓரேயில்தான். முதல் வெற்றியைப் பார்த்த மலை 87ஆவது வெற்றியையும் பார்த்தது. ஸ்டென்மார்க்கும் மனம் கோணவில்லை. தன்னைவிட அவர் மிகவும் மேலானவர் என்று பேட்டியிலேயே சொல்லிவிட்டார். பனி எப்படி இறுகும், விளிம்பு எப்படிப் பிடிக்கும் என்று பிறந்தது முதல் தெரிந்த மக்கள் அவர்கள். கண் முன்னால் நடந்தது எவ்வளவு அரிய காரியம் என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2024 நவம்பரில் அமெரிக்காவின் கில்லிங்டனில் ஷிஃப்ரின் நூறாவது வெற்றிக்காக இறங்கினார். முதல் ஓட்டத்தில் முன்னிலை. இரண்டாவதில் கீழே விழுந்து வயிற்றுப் பக்கம் துளைத்த காயம். படுக்கவைத்து இறக்கிக்கொண்டு போனபோது கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார். கூட்டமும் இருந்த இடத்தை விட்டு அசையாமல் கைதட்டியது. அறுவை சிகிச்சை, இரண்டு மாத ஓய்வு, திரும்பி வந்த முதல் போட்டியில் பத்தாம் இடம். 2025 பிப்ரவரி 23 அன்று இத்தாலியின் செஸ்த்ரியேரேயில் நூறு.

இன்று காலை பேத்தியும் என்னோடுதான் வந்தாள். அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அடிவாரத்தில் பஸ் ஏறத் தொடங்கியதும் கண்களை மூடிக்கொண்டாள். மயக்கமாக வருகிறதோ என்று பயந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். "சும்மா இருங்கள் பாட்டி" என்றாள். பார்த்தால், மடியில் இரண்டு உள்ளங்கைகளும் இடமும் வலமுமாக அசைகின்றன. இருபது வளைவுகளையும் மனப்பாடம் செய்திருக்கிறாளாம். எது நெருக்கமான வளைவு, எந்த இரண்டு வளைவுகளுக்கு நடுவே நீளமான நேர்ப்பாதை, எங்கே குரங்குகள் உட்கார்ந்திருக்கும் என்று எல்லாம் கணக்கு. பஸ் திரும்புவதற்குச் சற்று முன்பே அவள் கை திரும்பியது. ஆறு வளைவுகள் சரியாக வந்தன. ஏழாவதில் கை முன்னதாகத் திரும்பிவிட்டது. பஸ் இன்னும் நேராகவே போய்க்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து ஜன்னல் வழியே வளைவின் எண் பலகையைத் தேடிப் பார்த்துவிட்டு, "ஏழில் வெளியே போய்விட்டேன்" என்றாள்.

சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் இறங்குகிறோம். இறங்கும்போது இருபதிலிருந்து தலைகீழாக எண்ண வேண்டும், அது வேறு பாதை, புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அதற்காகத்தான் நான் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கிறது. இந்த முறை நான் கடிகாரம் கொண்டுவரவில்லை.

நன்றி. வணக்கம்.