பஸ் படிக்கும் தரைக்கும் நடுவே

வானொலி நேயர்களுக்கு வணக்கம். முப்பத்தோரு வருடம் அரசு பஸ்ஸில் வேலை பார்த்தவன் நான். முதலில் கண்டக்டர். முட்டி தேய்ந்த பிறகு பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று எழுதுவதுதான் வேலை. அந்த நோட்டை மூடி ஆறு வருடம் ஆகிறது. இன்றைக்கும் பஸ் சத்தம் கேட்டால் கண் கடிகாரத்துக்குப் போய்விடும்.

பஸ் சேவை நன்றாக இருக்க என்ன செய்யலாம் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். புது வண்டி விட வேண்டும் என்று நான் சொல்வேன் என நினைத்திருக்கலாம். விடட்டும், வேண்டாம் என்றா சொல்கிறேன்? ஆனால் வண்டி ஒருவருடையது, வண்டி வந்து நிற்கிற இடம் இன்னொருவருடையது. என் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் போக்குவரத்துக் கழகத்தினுடையது. பஸ் நிலையம் நகராட்சியினுடையது. உள்ளே வருகிற வண்டிக்கு நகராட்சி கட்டணம் வாங்கும். நிழற்குடையை நகராட்சி கட்டும், இல்லாவிட்டால் எம்.எல்.ஏ. நிதியில் வரும். அப்படி வந்தால் மேலே பெயர் பெரிதாக இருக்கும், கீழே உட்கார இடம் சின்னதாக இருக்கும். மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையின் கையில். ஸ்டாப்பை மறித்து நிற்கும் ஆட்டோவை நகர்த்த வேண்டியவர் டிராஃபிக் போலீஸ்காரர். ஒரு ஸ்டாப்புக்கு இத்தனை வீட்டுக்காரர்கள்.

நான் டைம் கீப்பராக இருந்த ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். அங்கே அரசு ஆஸ்பத்திரி எதிரில் புதிதாக ஒரு நிழற்குடை கட்டினார்கள். கிரானைட் பெஞ்ச், மின்விசிறி எல்லாம் வைத்து நன்றாகவே கட்டியிருந்தார்கள். ஆனால் எங்கள் டிரைவர்கள் வண்டியை நிறுத்துகிற இடம் அங்கிருந்து அறுபது எழுபது அடி தள்ளி இருந்தது. நிழற்குடைக்கு நேராக நிறுத்தினால் பின்னால் ஆம்புலன்ஸ் உள்ளே திரும்ப முடியாது. டிரைவர்கள் செய்தது சரிதான். கட்டுவதற்கு முன்னால் டெப்போவில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். யாரும் கேட்கவில்லை. நாங்களாகப் போய்ச் சொன்னோமா என்றால், அதுவும் இல்லை.

அப்புறம் என்ன? நிழற்குடையில் ஆடு படுத்திருந்தது, சனங்கள் வெயிலில் நின்றார்கள். வெயில் தாங்காமல் நிழலுக்கு ஒதுங்கியவர்கள் பஸ் வந்தால் ஓடுவார்கள். மருந்துப் பையோடு, பிளாஸ்டிக் கவரில் எக்ஸ்ரேயோடு வயதானவர்கள் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருநாள் ஒரு பாட்டி ஓடிப் போய்ச் சேர்வதற்குள் வண்டி எடுத்துவிட்டார்கள். நேரே பஸ் நிலையம் வந்து, என் ஜன்னல் முன்னால் நின்று, "ஏம்பா, குடையை அங்க வெச்சுட்டு பஸ்ஸை இங்க நிறுத்துறீங்களே, நீங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு நகராட்சிக்கு ஒரு கமிஷனர் மாற்றலாகி வந்தார், இளவயதுக்காரர். ஒருநாள் காலை ஆறரை மணிக்கு எங்கள் கிளை மேலாளர், டிராஃபிக் இன்ஸ்பெக்டர், நகராட்சி இன்ஜினியர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஸ்டாப் ஸ்டாப்பாக நடந்தார். நோட்டோடு நானும் பின்னால் போனேன். கையில் ஒரு வாளிச் சுண்ணாம்பு. இங்கே நின்றால் சரியா, சரி, கோடு போடு. இந்த மின்கம்பம் இடிக்குமா, இடிக்கும், அப்படியானால் பத்தடி முன்னால். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் ஆம்புலன்ஸ் வாசலைத் தள்ளி வைப்பது என்று முடிவாயிற்று, நிழற்குடை பிழைத்தது. பதினொரு ஸ்டாப், இரண்டு மணி நேரம். செலவு ஒரு வாளிச் சுண்ணாம்பு, ஆறு டீ.

எட்டு மாதம் நன்றாக ஓடியது. கமிஷனருக்கு மாற்றல் வந்தது, மழையும் வந்தது, கோடு போயிற்று. எதையும் எழுதி வைக்கவில்லை, பாருங்கள். எல்லாம் வாய்ப்பேச்சு.

எழுதி வைப்பது என்றதும் இங்கிலாந்தைச் சொல்ல வேண்டும். 1986-ல் லண்டனைத் தவிர மற்ற ஊர்களில் பஸ்ஸைத் தனியார் போட்டிக்குத் திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு ஓட்டலாம். கவுன்சில், அதாவது அந்த ஊர் நகராட்சி, அதன் கையில் ரோடும் ஸ்டாப்பும்தான் மிச்சம். நம் கதை மாதிரியே இல்லையா? அதன் பிறகு பர்மிங்காம் போன்ற நகரங்களில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். பஸ்ஸுக்குத் தனித் தடம், நிழற்குடை, உயர்த்திய நடைபாதை ஓரம் எல்லாம் கவுன்சில் பொறுப்பு. தாழ்தள வண்டியும் நல்ல ஓட்டமும் கம்பெனி பொறுப்பு. 2000-ல் வந்த சட்டம் இதற்குச் சட்டபூர்வமான வடிவம் கொடுத்தது. கமிஷனர் மாறினாலும் காகிதம் மாறாது.

உயர்த்திய நடைபாதை ஓரம் என்றேனே, எனக்குப் பிடித்த விஷயமே அதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் காசல் என்று ஒரு நகரம். அதன் பெயரிலேயே ஓரக்கல் ஒன்று உண்டு. கல்லின் பக்கவாட்டில் உட்புறமாக ஒரு வளைவு. டயர் அந்த வளைவில் உரசாமல் வழுக்கிக்கொண்டு போகும், அதனால் டிரைவர் பயப்படாமல் ஓரத்தை ஒட்டி நிறுத்தலாம். அடுத்தது உயரம். நம் சாதா பஸ்ஸில் தளம் தரையிலிருந்து சுமார் 900 மில்லிமீட்டர், அதாவது மூன்றடி. தாழ்தள பஸ்ஸில் 400 மில்லிமீட்டர். சென்னையில் ஓடுகிற தாழ்தள பஸ் ஸ்டாப்பில் நின்றதும் இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும். எல்லாம் சரி. ஓரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ நிற்கிறது, பஸ் நடு ரோட்டில் நிற்கிறது என்று வையுங்கள். சக்கர நாற்காலிக்காரர் நடைபாதையிலிருந்து இறங்கி, ரோட்டைத் தாண்டி, அப்புறம் ஏற வேண்டும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டி குனிகிறது, குனிந்து என்ன பயன்? படிக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருக்கிற இரண்டடிக்குப் பொறுப்பு போக்குவரத்துக் கழகமா, மாநகராட்சியா, போலீஸா?

மூவரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கத்தான் சென்னைக்கு ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், கும்டா என்பார்கள், அதற்கு 2010-ல் சட்டம் போட்டார்கள். முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். மேஜை போடப் பன்னிரண்டு வருடம். போட்டதே நல்லது என்கிற கட்சி நான். ஆனால் சென்னைக்கு மட்டும் மேஜை போதுமா? 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஸ்டாப்பில் நிற்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்களைப் பார்க்கிறேன். டிக்கெட் காசை அரசு கொடுத்துவிடுகிறது, இரவு எட்டு மணிக்கு அந்த ஸ்டாப்பில் விளக்கு யார் போடுவது? விளக்கு நகராட்சியுடையது. மறுபடியும் அதே கதை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிடமாம். மினி பஸ்ஸைப் பற்றிப் பேச இரண்டு பக்கம் எழுதி வந்தேன். 1997-ல் கொண்டுவந்த திட்டத்தை 2025-ல் திருத்தி மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். ஓட்டுவது தனியார், போவது பெரிய பஸ் போகாத ஊர்களுக்கு. அங்கே ஸ்டாப் என்பதே பெரும்பாலும் ஒரு புளிய மரம்தான். இடம் குறிக்கும்போது ஊராட்சித் தலைவரையும் வண்டி ஓட்டுகிறவரையும் சேர்த்து நடக்க விடுங்கள் என்பதுதான் அந்த இரண்டு பக்கத்திலும் இருக்கிறது.

இந்த வானொலி நிலையத்து வாசலிலும் ஒரு ஸ்டாப் உண்டு. வரும்போது இறங்கிப் பார்த்தேன். குடை ஓரிடம், பஸ் நிற்பது வேறிடம். நாற்பது அடி இருக்கும். வணக்கம்.